‘பேஷன்ட் கம்ஃபர்டபிள்’

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு நர்ஸிங் கல்லூரியில் ஆறு வருடமாக டியூட்டராக இருக்கிறேன். வார்டு போஸ்டிங்கில் என் மாணவிகள் எழுதும் நர்ஸஸ் நோட்ஸை, அதாவது ஒவ்வொரு ஷிப்டிலும் நோயாளியின் நிலையை நர்ஸ் எழுதிவைக்கும் பதிவை, பார்த்தால் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. 20 நோயாளி இருந்தால் 20 பேருக்கும் ஒரே வரி: ‘பேஷன்ட் கம்ஃபர்டபிள், வைட்டல்ஸ் ஸ்டேபிள், ஸ்லெப்ட் வெல்.’ முந்தின ஷிப்டில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். ஒரு நோயாளிக்கு என்ன கவனிப்பு, ஏன் என்று எழுதும் கேர் பிளானும் சீனியர்களின் நோட்டிலிருந்து காப்பி. இத்தனைக்கும் முதல் செமஸ்டரில் கம்யூனிகேடிவ் இங்கிலீஷ் பாஸ் செய்தவர்கள். இரண்டு நாள் இங்கிலீஷ் ஒர்க்ஷாப் வைக்கலாம், உங்களைக் கூப்பிடலாம் என்கிறார் எங்கள் பிரின்சிபால். இன்னொன்று, இதையே பிஹெச்.டி.க்கு எடுக்க ஆசை. கைடாக இருக்கச் சம்மதித்தவர் ‘ப்ரீ டெஸ்ட், போஸ்ட் டெஸ்ட் வை, 60 சாம்பிள் போதும்’ என்கிறார். மனசு ஒப்பவில்லை. வேறு வழியும் தெரியவில்லை. என் பெயர் வேண்டாம், சார்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

ஒர்க்ஷாப்புக்கு நான் வரவில்லை. பிரின்சிபால் மேடம் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், நம் மாவட்டத்திலேயே ஒரு மருத்துவமனையில் இதே வேலைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். இரண்டு நாளும் டென்ஸ், ஆர்ட்டிகிள், பிரிப்போசிஷன் என்று வெளுத்து வாங்கினேன். மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு, முடிவில் ஒரு சால்வை. ஒரு மாதம் கழித்து, ‘சார் வந்துட்டுப் போன பிறகு நல்ல முன்னேற்றம்’ என்று நர்ஸிங் சூப்பிரண்டென்ட் சில நோட்ஸைப் பெயர் மறைத்துக் காட்டினார். முன்பு ‘பேஷன்ட் கம்ஃபர்டபிள்’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘த பேஷன்ட் இஸ் கம்ஃபர்டபிள்’ என்று இருந்தது. தொண்டை கிழியப் பேசி ஒரு ‘த’வும் ஒரு ‘இஸ்’ஸும் சம்பாதித்திருக்கிறேன். அதுவும் வேண்டாத சம்பாத்தியம். நர்ஸஸ் நோட்ஸுக்கு அவை இரண்டும் தேவையே இல்லை. ஓட்டத்தில் எழுதி ஓட்டத்தில் படிக்கிற எழுத்து அது, அங்கே சுருக்கம்தான் இலக்கணம். அந்த இலக்கணம் தெரியாத ஒருவன் போய் அவர்களைத் திருத்தியிருக்கிறேன்.

எந்த நேரத்தைக் குறிக்க வேண்டும், எதை எண்ணால் சொல்ல வேண்டும், எதை நோயாளியின் வாய்வார்த்தையாகவே விட வேண்டும், அதைப் படிப்பவர் அடுத்து என்ன செய்வார் என்பதெல்லாம் என் பாடத்தில் இல்லை. உங்கள் பாடத்தில் இருக்கிறது. அதனால் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆள் நீங்கள்தான். ‘எனக்கே இங்கிலீஷ் அவ்வளவாக வராதே சார்’ என்று நீங்கள் பின்வாங்கக் கூடும். நல்ல நோட்ஸ் எது, மோசமான நோட்ஸ் எது என்று பார்த்த மாத்திரத்தில் உங்களுக்குத் தெரிகிறதல்லவா? அது போதும். எனக்கு அன்று அது தெரியவில்லை.

முதல் செமஸ்டரில் பாஸ் செய்தவர்கள் இப்போது ஏன் தடுமாறுகிறார்கள் என்று கேட்கிறீர்கள். இந்தத் தடுமாற்றம் உங்கள் கல்லூரிக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் லூசில் மெக்கார்த்தி என்ற ஆய்வாளர் ஒரே ஒரு கல்லூரி மாணவனை 21 மாதங்கள் பின்தொடர்ந்து பார்த்து 1987இல் எழுதினார். அந்தப் பையன் எழுத்துப் பயிற்சி, கவிதை, உயிரியல் என்று மூன்று வகுப்புகளில் எழுதினான். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றிலும் கேட்கப்பட்ட வேலைகளுக்குள் ஒற்றுமை நிறைய. அவனுக்கோ ஒவ்வொன்றும் பாஷை தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுபோல் இருந்தது. ஒரு வகுப்பில் எழுதப் பழகியது அடுத்த வகுப்புக்குத் தானாக வந்து சேரவில்லை. எழுதத் தெரிவது என்பது சைக்கிள் ஓட்டக் கற்றதுபோல, ஒரு தடவை வந்துவிட்டால் எங்கும் ஓட்டலாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குழித்துறை ஆற்றில் நீந்தியவனைக் குளச்சல் கடலில் இறக்கினால் என்ன ஆகும்?

நம்மூரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார், காந்தளூர்ச் சாலை பற்றிக் கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தார். கை ஒன்றுதான். ஆனால் பாட்டில் உள்ள சுதந்திரத்தைக் கல்வெட்டு வாசகத்தில் எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வேலையும் எதைச் சான்றாக ஏற்கும், எதைத் தள்ளும் என்பது அந்த வேலைக்குள் இருந்து பழகித்தான் வர வேண்டும்.

சரி, மாணவிகளுக்கு வருவோம்.

காப்பி அடிப்பதை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்க்காதீர்கள். கேர் பிளானை யார் படிக்கிறார்கள்? நீங்கள். அதில் இருப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரியும். ‘ரேஷனேல்’ என்ற, காரணம் எழுதும் கட்டத்தில் பாடப்புத்தக வரி வந்திருக்கிறதா, தலைப்புக்கு இரண்டு கலர் ஸ்கெட்ச் போட்டிருக்கிறதா, அடிக்கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். 1975இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜேம்ஸ் பிரிட்டன் குழுவினர் இங்கிலாந்துப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுதிய ஏறத்தாழ 2000 எழுத்துகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட பாதி, மார்க் போடுகிற ஆசிரியர் ஒருவருக்காகவே எழுதப்பட்டிருந்தது. படிப்பவருக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தே எழுதும் பிள்ளை, சொல்வதற்காக எழுதாது, தப்பிப்பதற்காக எழுதும். அதே பழக்கத்தோடு வார்டுக்கு வந்து நோட்ஸ் எழுதினால் வேறு எப்படி இருக்கும்?

ஆகவே படிக்கிற ஆளை மாற்றுங்கள். வார்டு வேலை முடிந்து மாணவிகளோடு உட்கார்ந்து பேசும் போஸ்ட் கான்ஃபரன்ஸில் 20 நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒர்க்ஷாப் எல்லாம் வேண்டாம். ஒரு மாணவி எழுதிய நோட்ஸை, நோயாளியின் பெயரும் ஐபி நம்பரும் (மருத்துவமனைச் சேர்க்கை எண்) இல்லாமல், அந்த நோயாளியைப் பார்த்திராத இன்னொரு மாணவியிடம் கொடுங்கள். ‘ராத்திரி இரண்டு மணி. நீதான் டியூட்டி. இதை வைத்துக்கொண்டு இந்த ஆளுக்கு இப்போது என்ன செய்வாய்?’ என்று கேளுங்கள். ‘கம்ஃபர்டபிள் என்றால் எப்படி? வலி இல்லையா, வலிக்கு ஊசி போட்டதால் வலி இல்லையா? எப்போது போட்டது?’ என்று அவளே கேட்க ஆரம்பிப்பாள். எழுதியவள் பதில் சொல்வாள். அந்தப் பதில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டிய நோட்ஸ். ‘இப்போ சொன்னதை எழுது’ என்று பேனாவைக் கையில் கொடுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை திருத்த வேண்டியதில்லை.

‘ஸ்லெப்ட் வெல்’ என்ற வரியை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 160 வருடங்களுக்கு முன்பே பிடித்துவிட்டார். ராத்திரி நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பதே வீண் என்கிறார் அவர். பத்து மணி நேரம் விழிக்காமல் தூங்கினால்தான் நல்ல ராத்திரி என்று ஒருவர் நினைப்பார், இடையிடையே கண் அயர்ந்தாலே போதும் என்று இன்னொருவர் இருப்பார். எத்தனை மணி நேரம், எந்த எந்த நேரத்தில் என்று கேள் என்பது அவர் அறிவுரை. கவனிக்கத் தெரிவது பற்றி அவர் எழுதிய பகுதியில் இது வருகிறது. ‘எத்தனை மணிக்கு விழித்தார்’ என்று எழுத வேண்டும் என்று தெரிந்த மாணவி, ராத்திரி அந்தக் கட்டிலை எட்டிப் பார்ப்பாள். எழுத வேண்டியதே இல்லாதவள் எதற்குப் பார்க்கப் போகிறாள்?

இனி நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு அம்மச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு ‘மக்ளே, வெப்ராளமா இருக்கு’ என்கிறார். உங்கள் மாணவி என்ன எழுதுவாள்? ‘ஆங்சைட்டி’ என்று எழுதலாம். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் மூச்சு முட்டுகிறவரும் வெப்ராளம் என்பார், சர்க்கரை இறங்கிக் கை நடுங்குகிறவரும் வெப்ராளம் என்பார், நாளைக்கு ஆபரேஷன் என்று பயந்தவரும் அதையேதான் சொல்வார். ‘ஆங்சைட்டி’ என்று எழுதிய கணத்தில் முதல் இரண்டு பேரையும் நாம் தொலைத்துவிட்டோம். படிக்கிற டாக்டர் வெளியூர்க்காரராக இருந்தால் கேட்கவே வேண்டாம். ‘எளைப்பு’ என்பதும் இப்படித்தான். மூச்சு இளைப்பதா, உடம்பு இளைத்ததா, வேலை செய்து களைத்ததா? களியக்காவிளைப் பக்கம் போனால் மலையாளமும் கலந்து இன்னும் குழம்பும்.

இங்கே மொழிபெயர்ப்பு என்பது மருத்துவத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை ஒரு வார்த்தையில் போகிற போக்கில் கொடுத்துவிட்டோம் என்பதே மாணவிக்குத் தெரிவதில்லை. அதனால் இரண்டு படியாகப் பழக்குங்கள். முதலில் நோயாளி சொன்னது, அவர் சொன்னபடியே, மேற்கோளுக்குள். அப்புறம் தான் கண்டது, எண்ணோடு. உதாரணமாக இப்படி:

‘2.00: படுக்க முடியவில்லை என்று எழுந்து உட்கார்ந்தார். “வெப்ராளமா இருக்கு” என்கிறார். மூச்சு நிமிஷத்துக்கு 28, ஆக்சிஜன் 91, நெற்றியில் வியர்வை. தலைமாட்டை உயர்த்தினேன். 2.05: டியூட்டி டாக்டருக்குப் போன். 2.15: வந்து பார்த்தார்.’

வார்டில் இது ஆங்கிலத்தில் இருக்கும், ‘வெப்ராளம்’ மட்டும் வெப்ராளமாகவே ஆங்கில எழுத்தில் இருக்கலாம். முதலில் தமிழில் எழுதவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். யோசனை தமிழில் ஓடுகிற பிள்ளையை நேராக ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், தனக்கு ஸ்பெல்லிங் தெரிந்த வார்த்தைகளுக்குள் நோயாளியை அடக்கப் பார்க்கும். ‘கம்ஃபர்டபிள்’ அப்படி வந்த வார்த்தைதான் என்பது என் சந்தேகம்.

இந்தச் சொற்களை ஒரு நோட்டில் சேர்த்து வாருங்கள். வெப்ராளம், எளைப்பு, மேல்வலி, கிறுகிறுப்பு என்று மாணவிகளே கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இப்படிச் சொன்னால் அடுத்து என்ன கேட்க வேண்டும்’ என்று இரண்டு கேள்வி.

இன்னொரு வரியையும் பிடியுங்கள்: ‘டாக்டர் இன்ஃபார்ம்ட்’. எந்த டாக்டர், எத்தனை மணிக்கு, என்ன சொல்லப்பட்டது, அவர் என்ன சொன்னார்? நாலும் இல்லாத இந்த வரி எழுதியவரைக் காப்பாற்றும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு பயம் கூடியிருக்கிறது, பயத்தில் எழுத்து இன்னும் மொட்டையாகியிருக்கிறது. கன்ஸ்யூமர் கோர்ட்டில் வக்கீல் முதலில் கேட்பதே அந்த நாலு கேள்வியைத்தான்.

இதில் ஆங்கிலத்தைவிடப் பெரிய ஒரு தயக்கமும் இருக்கிறது. ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்று எழுத நர்ஸுக்கு உரிமை உண்டா என்பதே நம் வார்டுகளில் தீராத கேள்வி. அதனால்தான் எதற்கெடுத்தாலும் ‘அப்பியர்ஸ்’ போடுகிறார்கள். கண் மூடிக் கிடப்பவரை ‘தூங்குவதுபோல் தெரிகிறது’ என்று எழுதுவது நியாயம், அவர் தூங்குகிறாரா என்பது நமக்குத் தெரியாது. கட்டு நனைந்து ரத்தம் கசியும்போது ‘கசிவதுபோல் தெரிகிறது’ என்பது பணிவு இல்லை, நழுவல். எத்தனை சென்டிமீட்டர் நனைந்திருக்கிறது என்று அளந்து எழுதலாமே. டாக்டரிடம் போனில் சொல்ல எஸ்பார் என்ற நாலு படி முறை இருக்கிறது: இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என் பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. நல்ல முறைதான். ஆனால் உங்கள் மாணவிகளைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள், முதல் இரண்டு படி சரளமாக வரும், மூன்றாவதில் குரல் இறங்கும். கணிப்பைச் சொல்லும் தைரியத்தை அச்சடித்த ஃபார்ம் கொடுத்துவிடாது. சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்று ‘சொல்லு’ என்று சொல்ல வேண்டும்.

சிவப்பு மை பற்றி ஒரே வார்த்தை: குறையுங்கள். ஒரு வாரம் நேரம் மட்டும் பாருங்கள், அடுத்த வாரம் எண்கள் மட்டும். ஸ்பெல்லிங் கடைசியில் வரட்டும், மருந்துப் பெயரும் டோஸும் தவிர. அவற்றில் முதல் நாளிலிருந்தே தயவு காட்ட வேண்டாம்.

நேரம் இல்லை என்பார்கள், உண்மைதான். ஒரு நர்ஸ் 30 கட்டிலைப் பார்க்கும் ராத்திரியில் 30 நல்ல நோட்ஸ் வராது. அதை எழுத்துப் பயிற்சியால் சரிக்கட்ட முடியாது, உங்கள் பிரின்சிபாலிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் அந்த 30இல் இன்று யாருடைய நிலை மாறியது என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து ஒழுங்காக எழுத முடியும். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதே நல்ல பாடம்.

இப்போது உங்கள் பிஹெச்.டி.

கைடு சொல்வதுபோல், பாடம் நடத்தும் முன்பும் பின்பும் ஒரு டெஸ்ட் வைத்து, ‘குமரி மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரிகளில் நோட்ஸ் எழுதுவது குறித்த அறிவின் மீது திட்டமிட்ட கற்பித்தலின் விளைவு’ என்று ஒன்று செய்யலாம். அந்த வாய்ப்பாட்டில் எழுதிய தீசிஸ் நம் நூலகங்களில் அலமாரி அலமாரியாக இருக்கிறது. அதில் நீங்கள் அளக்கப்போவது என்ன? ‘நோட்ஸில் நேரம் குறிக்க வேண்டுமா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் அடிக்கிறார்களா என்பதை. உங்கள் மாணவிகள் இன்றைக்கே அதற்கு ‘ஆம்’ என்றுதான் டிக் அடிப்பார்கள். அறிவு இருக்கிறது, எழுத்தில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதல்லவா உங்கள் மனசை அரிக்கும் கேள்வி?

அதற்கு வேறு வழி இருக்கிறது. 1983இல் ஓடெல், கோஸ்வாமி, ஹெரிங்டன் என்ற மூவர், வேலையிடத்தில் எழுதுகிறவர்களிடம் ஒரு நேர்காணல் முறையைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் எழுதியதையே அவர் முன் வைத்து, ‘இந்த வார்த்தைக்குப் பதில் இதைப் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா? ஏன், ஏன் இல்லை?’ என்று கேட்பது. மாற்றச் சொல்வது நோக்கம் இல்லை. கேட்டால்தான், எழுதியவருக்குத் தெரிந்தும் வாயில் வராமல் இருந்த நியாயங்கள் வெளியே வரும். ஒரு ஸ்டாஃப் நர்ஸிடம், ‘டாக்டர் இன்ஃபார்ம்ட் என்பதற்குப் பதில் டாக்டர் பெயரும் நேரமும் போடலாமா?’ என்று கேளுங்கள். ‘போடலாம், ஆனா அவரு கோபப்படுவாரு’ என்று பதில் வந்தால் உங்கள் ஆய்வு அங்கே தொடங்கிவிட்டது. எட்டுப் பத்துப் பேர் போதும். இறுதியாண்டு மாணவிகள் சிலர், அவர்களே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன பிறகு மறுபடி. கல்லூரி கற்றுத்தந்த எழுத்தில் எது வார்டில் பிழைக்கிறது, எது முதல் வாரத்திலேயே உதிர்கிறது என்று தெரியும். வளைகுடாவுக்குப் போனவர்களையும் கேட்கலாம். கம்ப்யூட்டரில் கட்டத்தில் டிக் அடிக்கும் இடத்தில் ‘வெப்ராளம்’ எங்கே போகிறது?

எண்ணிக்கை வேண்டும் என்று கைடு பிடிவாதம் பிடித்தால், விட்டுக்கொடுங்கள். நோட்ஸில் நேரம், எண், நோயாளியின் சொல், செய்தது, விளைவு என்று ஐந்தும் எத்தனையில் இருக்கின்றன என எண்ணி ஒரு அட்டவணை போடுங்கள். அது உங்கள் கேள்விக்கும் உதவும், அவருக்கும் நிம்மதி.

எதிக்ஸ் கமிட்டி அனுமதி வரும் முன் ஒரு நோட்ஸைக்கூடத் தொடாதீர்கள். போனில் படம் எடுப்பது கூடவே கூடாது. ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையை முழுக்கப் படித்துவிடுங்கள். இன்னொரு சங்கடம்: உங்கள் மாணவிகளே உங்கள் ஆய்வில் இருந்தால் ‘மாட்டேன்’ என்று அவர்களால் சொல்ல முடியாது, இன்டர்னல் மார்க் உங்கள் கையில். வேறு கல்லூரிக்குப் போங்கள், அல்லது மார்க் போட்டு முடிந்த பிறகு கேளுங்கள்.

தீசிஸின் முன்னுரையைப் பொன்மொழியில் தொடங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொன்னதிலும் தொடங்க வேண்டாம். ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் படித்து ஒரு நடையைக் கண்டார். முதலில் இது எந்த நிலம் என்று காட்டுகிறார்கள், அப்புறம் அதில் எந்த மூலை தரிசாகக் கிடக்கிறது என்று காட்டுகிறார்கள், அப்புறம் அந்த மூலையில் தாங்கள் இறங்குகிறார்கள். தோவாளையில் பூ பயிரிடுகிறவருக்கு இதைச் சொன்னால் அரை நிமிஷத்தில் புரியும். உங்கள் தரிசு மூலை, நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. அந்த 20 ஒரே மாதிரி வரிகளில் தொடங்குங்கள்.

ஒர்க்ஷாப்புக்கு வரமாட்டேன் என்றேன். ஆனால் ஒரு மாதம் கழித்து உங்கள் போஸ்ட் கான்ஃபரன்ஸ் ஒன்றில், நோயாளி விவரம் ஏதும் என் கண்ணில் படாமல், ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்க அனுமதி கிடைத்தால் நிச்சயம் வருகிறேன். அந்தச் சொல் நோட்டையும் பார்க்க வேண்டும். சால்வை வேண்டாம். கட்டன்சாயாவும் இரண்டு ரசவடையும் போதும்.